பாவு இல்லாத பக்கம்

போளூர் ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது மைதானத்தின் பக்கமிருந்து ஒரு கத்தல் கேட்டது. சின்னக் கத்தல். எழுந்த வேகத்திலேயே அடங்கிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் பை இருந்தது. பைக்குள் ஒரு போர்வை, இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு தட்டு. ஊர் மாறும்போதெல்லாம் நான் எடுத்துப் போவது இவ்வளவுதான். இதற்கு மேல் ஏதாவது சேர்ந்துவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் ஒரு கத்தல். இது பெரிது, நீண்டுகொண்டே போனது. பட்டாசும் வெடித்தது. பட்டாசு வாங்கி வைத்திருந்தவர்கள் போளூர்க்காரர்கள்தான். ஆரணியிலிருந்து ஆட்டம் பார்க்க வந்த நாங்களும் வாங்குவதாக இருந்தோம். எங்களோடு வந்த பாவுக்காரம்மா, "மொதல்ல ஆடட்டும், அப்புறம் வெடிக்கலாம்" என்று தடுத்துவிட்டார். ஆகவே தோற்று முடிந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. முதல் கத்தல் ஏதோ தப்பிய பந்துக்கு, இரண்டாவது கத்தல் ஆட்டம் முடிந்ததற்கு என்று நானே முடிவு செய்துகொண்டு நடந்தேன்.

அன்று மாவட்டக் கால்பந்து லீக்கில் எங்களுக்குக் கடைசி ஆட்டம். போளூரோடு சமன் செய்திருந்தால்கூட ஆரணி மேல் டிவிஷனில் தங்கியிருக்கும். தோற்றால் கீழ் டிவிஷன். நான் எழுந்து வந்தபோது போளூர் ஒரு கோல் போட்டிருந்தது, நாங்கள் ஒன்றும் போடவில்லை. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

கீழே இறங்குவதில் எனக்குத் தனியாக அவமானம் ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையில் மேல் டிவிஷன் என்று எதிலும் இருந்ததில்லை. என் கவலை வேறு. மேல் டிவிஷனில் இருக்கும் கிளப்புக்குத்தான் சொந்த ஊரில் ஆட்டம் தருவார்கள். கீழ் டிவிஷன் ஆட்டங்களைத் திருவண்ணாமலையில் ஒரே மைதானத்தில் வார நாளில் நடத்தி முடித்துவிடுவார்கள். தறியை விட்டுவிட்டு வார நாளில் அங்கே யார் போவார்கள்? கீழே போனால் ஆரணியில் ஆட்டம் கிடையாது. ஆட்டம் இல்லாவிட்டால் ஆரணியில் எனக்கு ஒரு ரைஸ் மில் வேலை மட்டும்தான். மூட்டை தூக்குகிற வேலை எல்லா ஊரிலும் இருக்கிறது.

சனிக்கிழமையே மில் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டிருந்தேன். "டீம் மேல நின்னுச்சுன்னா திங்கக்கிழமை வருவேன். இல்லன்னா வரமாட்டேன்."

"உன் எடத்துல திங்கக்கிழமை வேற ஆளு நிப்பான்யா. உங்க பந்து மேல நின்னாலும் சரி, கீழ உருண்டாலும் சரி" என்றார் அவர். அதுவும் நியாயம்தான்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தேன். அதன் பிறகு ஊர் ஊராகப் போனேன். திருப்பூரில் சாயப்பட்டறை. அங்கே நகக்கண்ணில் ஏறிய நீலம் போக ஒரு வருஷம் ஆனது. பெங்களூரில் கட்டட வேலை. சாரத்திலிருந்து விழுந்ததில் விலா எலும்பு முறிந்தது. சேரும்போது சற்றுக் கோணலாகச் சேர்ந்தது. மழைக்காலத்தில் அது தன்னை ஞாபகப்படுத்தும், மற்றபடி தொந்தரவு இல்லை. அப்புறம் லாரியில் கிளீனர். நெல் ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஆரணி மில்லில் இறக்கிவிட்டுக் கிளம்பும்போது நான் ஏறவில்லை. ஏன் என்று கேட்டால், அந்த டிரைவரின் பாட்டுக் கேசட் எனக்குச் சலித்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியாது.

வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேவூர்ப் பக்கம் வெறுமனே நடந்துகொண்டிருந்தபோது மைதானம் கண்ணில் பட்டது. மண் மைதானம். ஓரத்தில் பழைய கிடங்கு ஒன்றின் மதில். மதில்மேல் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து காட்டுக்கத்தலாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். நெசவுக்காரர்கள், பட்டுநூல் முறுக்குப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், ஒரு மெக்கானிக், நடுவில் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்ற ஒரு அம்மா. நான் கீழே நின்று பார்த்தேன். அந்த அம்மா குனிந்து, "இன்னாபா, கழுத்து வலிக்கலியா? ஏறு மேல" என்றார். இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். ஏறி உட்கார்ந்தேன்.

அடுத்த ஆட்டத்துக்கு நான் தாமதமாகப் போனேன். மில்லில் லோடு முடிய நேரமாகிவிட்டது. மதில் நிரம்பி வழிந்தது. ஆனால் நான் முன்பு உட்கார்ந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. ஒருவர் அதில் துண்டைப் போட்டு வைத்திருந்தார். "ஜல்தியா வரமாட்டியா மில்லு? உன் எடத்துக்கு நான் எத்தினி பேரோட சண்ட போடறது?" என்றார். அன்றிலிருந்து என் பெயர் மில்லு. நான் இல்லாதபோதும் எனக்கென்று ஒரு இடம் காலியாகக் கிடந்தது அந்த மதிலில்தான். வேறு எந்த ஊரிலும் அப்படி நடந்ததில்லை. அந்த ஒரு முழ அகலத்துக்காகவே மூன்று மழைக்காலம் ஆரணியில் இருந்துவிட்டேன். வேலை செய்துகொண்டிருக்கும்போது, மூட்டை முதுகில் இருக்கும்போது, மதிலின் செங்கல் சூடு தொடையில் படுவதுபோல எனக்குத் தோன்றும். ஞாயிறு வரட்டும் என்று மனம் இழுக்கும்.

துண்டு போட்டு வைத்தவர் எங்கள் வண்டிக்காரர். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். வெளியூர் ஆட்டத்துக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போவது அவர் பொறுப்பு. புடவையைச் செருகியிருந்தவர்தான் பாவுக்காரம்மா. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் எங்கள் டீம் ஏன் தோற்றது என்பது யாருக்கும் விளங்காது.

சேலையில் நெடுக்காக ஓடும் பட்டிழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன் வெளியே நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். கஞ்சி தெளித்து, தடவி, சிக்கெடுத்து, அறுந்ததை முடிந்து காயவைப்பார்கள். அதற்குத்தான் பாவு நீட்டுவது என்று பெயர். தெருவில் இடம் போதாத குடும்பங்கள் மைதானத்தின் ஓரத்தில் புங்கமர வரிசையை ஒட்டி நீட்டுவார்கள். நேர் வெயில் பட்டால் பட்டு முறுகிவிடும். மர நிழல் வேண்டும். காலையில் அங்கே பாவுகள் நீண்டு கிடக்கும். பாவுக்காரம்மா அதற்கெல்லாம் மேற்பார்வை.

எங்கள் ஆட்டக்காரர்களும் தறிக்குப் போகிறவர்கள். அவர்களுக்கும் பயிற்சிக்குக் காலைதான் நேரம். மைதானத்தில் கிழக்குப் பக்கத்துக் கோல் கம்பம்தான் நிலையாக நிற்கும். மேற்குப் பக்கம் ஏரித் தண்ணீர் ஊறிய மண். அங்கே கம்பம் பிடிக்காது. ஆட்டத்தன்று மட்டும் சவுக்குக் கம்பு நட்டுக்கொள்வார்கள். அதனால் பயிற்சி எப்போதும் கிழக்குப் பார்த்துத்தான். கிழக்குப் பார்த்து ஓடுகிறவனுக்குத் தெற்கு ஓரத்துப் புங்கமரங்கள் வலது பக்கம். அதாவது பாவு வலது பக்கம்.

பந்து பாவில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து அந்த மைதானத்தில் ஆடியவர்கள் அத்தனை பேரும் வலது பக்கம் பந்து போனால் உடனே உள்ளே திருப்பிக்கொள்வார்கள். யோசித்துச் செய்வதில்லை. கால் தானாகச் செய்யும். ஆட்டத்தன்று பாவு நீட்டுவதில்லை. இருந்தாலும் யாரும் அந்தப் பக்கம் ஓடமாட்டார்கள். பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான். வெறும் மண்தான் கிடக்கும். ஆனாலும் அந்த இடத்தைக் குறுக்கே தாண்டாமல் கடைசி மரம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வருவார்கள். நானும் சீக்கிரமே அப்படிச் சுற்றத் தொடங்கிவிட்டேன்.

மாவட்டம் முழுக்க இது தெரியும். எதிர் டீம் வலது பக்கத்துக்குக் காவலே போடுவதில்லை. ஆளையெல்லாம் நடுவிலும் இடதிலும் குவித்துவிடுவார்கள். அவர்கள் ஊர் ஆட்கள் வெளியே நின்று எங்கள் வலது பக்க ஆட்டக்காரனைப் பார்த்துக் கத்துவார்கள்.

"ஏய் ஆரணி! இங்க பாவு இல்லடா, தைரியமா வா!"

"கால வெச்சா உங்கம்மா அடிப்பாடா!"

இரண்டாவதாகச் சொன்னது உண்மை. வலது பக்க ஆட்டக்காரன் பாவுக்காரம்மாவின் மகன். சின்ன வயதில் ஒருநாள் பந்தைத் துரத்திக்கொண்டு போய்ப் பாவுக்குள் விழுந்துவிட்டான். ஒரு கல்யாணத்துக்கு நெய்யவேண்டிய பட்டு. இழை இழையாக அறுந்து தொங்கியது. இழை பிரிக்கக் கையில் வைத்திருந்த பாவுக் குச்சியாலேயே அம்மா அடித்தார். "அன்னிக்கு நான் அடிச்சது இன்னும் அவன் கால்லயே நிக்குது" என்று மதிலில் உட்கார்ந்து அவரே சொல்வார். சொல்லிவிட்டு, மகன் பந்தோடு வரும்போது எல்லாரையும்விடச் சத்தமாக, "வெளிய போடா, வெளிய போ!" என்று கத்துவார். அவன் உள்ளேதான் திரும்புவான். மதில் முழுக்கப் பெருமூச்சு விடும்.

நானும் அந்த ஒரு ஓட்டத்துக்காகத்தான் காத்திருந்தேன். கோல் யார் போட்டாலும் சரி. அவன் ஒரு தடவை அந்த ஓரத்தில், புங்கமர நிழல் காலில் பட, கடைசி வரைக்கும் ஓடவேண்டும். அதை மதிலிலிருந்து பார்க்கவேண்டும். மூன்று வருஷமும் அது நடக்கவில்லை. இந்த வருஷம் உள்ளூரில் கடைசி ஆட்டம் முடிந்தபோது எல்லாரும் இறங்கிப் போனபிறகும் நான் மதிலில் உட்கார்ந்திருந்தேன். இனி இங்கே உட்கார முடியுமோ முடியாதோ என்று இருந்தது. கீழே சவுக்குக் கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

போளூரிலும் அதே கதைதான் நடந்தது. இடைவேளைக்குப் பிறகு மூன்று தடவை பந்து அவன் காலுக்கு வந்தது. முன்னால் வெட்டவெளி. மூன்று தடவையும் உள்ளே திரும்பி, அங்கே நின்ற கூட்டத்தில் பந்தை இழந்தான். மூன்றாவது தடவை நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

போளூரைத் தாண்டி ஆரணிக்கும் வேலூருக்கும் சாலை பிரியும் இடத்துக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அதற்குள் ஆட்டக்காரர்களின் வேன் என்னைத் தாண்டி ஆரணிப் பக்கம் போனது. உள்ளே யாரும் பாடவில்லை. அதன் பின்னால் எங்கள் குட்டியானையும் தாண்டிப் போனது. நான் ஒரு கரும்பு டிராக்டரின் மறைவில் இருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். வேலூர்ச் சாலையில் ஏதாவது லாரியைக் கைகாட்டி நிறுத்தலாம். ராத்திரிக்குள் ஆம்பூர் போய்விட்டால் தோல் ஷெட்டில் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார்.

பிரிவில் புளியமரத்தடியில் குட்டியானை நின்றுகொண்டிருந்தது. வண்டி கெட்டுவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் நயினார் ஞாபகம் வந்தது.

நயினார் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பத்துக்காரர். நெல் வியாபாரம். பொழுது சாய்ந்தபிறகு சாப்பிடமாட்டார். வெளியூர் ஆட்டம் முடிந்து திரும்பும்போது வண்டி எங்கே இருந்தாலும், சூரியன் விழுவதற்கு முன் ஓரமாக நிறுத்தவேண்டும். அவர் தூக்கைத் திறந்து சாப்பிட்டு முடித்து வாய் கொப்பளித்த பிறகுதான் வண்டி கிளம்பும். ஜெயித்தாலும் அப்படித்தான், தோற்றாலும் அப்படித்தான். சாப்பிடும்போது பேசவும் மாட்டார். தார்ப்பாயை விரித்து, மேற்கே பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜவ்வாது மலைக்கு மேலே சூரியன் ஒரு பனை உயரத்தில் நின்றது.

மரத்தின் மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடலாம் என்று பார்த்தேன். வண்டிக்காரர் கண்ணில் பட்டுவிட்டேன்.

"யோவ் மில்லு! எங்கயா அந்தப் பக்கம்? ஆரணி இந்தப் பக்கம்யா!"

"வேலூருக்கு."

"வேலூர்ல இன்னா, கோட்டைய ஏலம் போடறாங்களா?"

பாவுக்காரம்மா வண்டியிலிருந்து இறங்கி வந்தார். அழுத முகம், கழுவியிருந்தார். என் பையைத் தொட்டு அமுக்கிப் பார்த்தார். "மேட்ச் பாக்க வந்தவனுக்குப் போர்வ இன்னாத்துக்குபா?"

நான் பையைத் தோளில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டேன். "தோத்துட்டோம்ல யக்கா" என்றேன்.

"தோத்துட்டோம். அத வுடு. கோலப் பாத்தியா இல்லியா?"

"அது நான் இருக்கும்போதே போட்டானுங்களே."

அவர் என்னையே பார்த்தார். வண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட பேஜாரே! இவன் பாக்கலடா! இவன் நம்ம கோலப் பாக்கலடா!"

வண்டியில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தவர்களுக்கு என்னைப் பார்த்ததும் ஒரு உயிர் வந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரயில்வே கேட்டில் கேட்ட அந்தச் சின்னக் கத்தல், எழுந்த வேகத்தில் அடங்கிய கத்தல், அது இவர்களுடையது. ஒரு குட்டியானையில் அடங்குகிற ஆட்களின் கத்தல் வேறு எப்படி இருக்கும்?

"எந்தப் பக்கத்துலேர்ந்து?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"வலதுயா! வலது ஓரம்! கோட்டு மேலயே ஓடனான்யா!"

எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர், அவன் இரண்டு பேரை ஏமாற்றினான் என்றார். இன்னொருவர், அந்தப் பக்கம் ஆளே இல்லை, யாரை ஏமாற்றுவது என்றார். பந்தைத் தூக்கிப் போட்டான் என்றார் மெக்கானிக். தரையோடு தள்ளினான் என்றார் வண்டிக்காரர். தலையால் முட்டியது யார் என்பதிலேயே மூன்று பெயர் வந்தது. இரண்டு பேருக்குள் அடிதடி வருகிற மாதிரி ஆகிவிட்டது.

"நீங்க சொல்லுங்க யக்கா" என்றேன்.

"நான் எங்கபா பாத்தேன்? அவன் அந்தப் பக்கம் காலை வெச்சதும் கண்ண மூடிக்கினேன். பாவு அறுந்த சத்தம் கேக்கற மாதிரியே இருந்துச்சு. எல்லாம் கத்தனப்பதான் தொறந்தேன்."

கடைசியில் எல்லாரும் நயினாரைக் கை காட்டினார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். வயசானவர் என்று போளூர்க்காரர்களே போட்டுக் கொடுத்த நாற்காலி. முழுசாகப் பார்த்தது அவர் ஒருவர்தான்.

அவரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தூக்கில் இன்னும் ஒரு தட்டு பாக்கி இருந்தது. நான் தார்ப்பாயின் ஓரத்தில் குந்தினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், மெல்லுவதை நிறுத்தவில்லை. எலுமிச்சை சாதம். ஒவ்வொரு கவளமாக, அவசரம் இல்லாமல், ஆனால் சூரியன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு. வண்டிக்காரர் சும்மா இருக்காமல், "நயினாரே, சூரியன் மலைக்குப் பின்னால போயிட்டா அது சாஞ்சதா, சாயலியா? மலைக்கு அந்தாண்ட இன்னும் வெளிச்சம்தானே?" என்றார். நயினார் இடது கையால் 'போ' என்பதுபோலக் காட்டினார். நான் இத்தனை ஊரில் எத்தனையோ வாசலில் காத்திருக்கிறேன். வேலைக்காக, கூலிக்காக, ஆஸ்பத்திரியில் சீட்டுக்காக. ஒரு மனிதர் எலுமிச்சை சாதம் தின்று முடிப்பதற்காக அப்படித் தவித்தது அன்றுதான்.

சூரியன் மலையின் விளிம்பைத் தொட்டபோது அவர் கை கழுவினார். வாய் கொப்பளித்தார். தூக்கை மூடினார். தூக்கின் கொக்கியை மாட்டியபிறகுதான் பேசினார்.

"தம்பி, அவன் மொதல்ல உள்ளதான் திரும்பனான். எப்பவும் போல. போளூர்ப் பசங்க என் பின்னால நின்னுகினு, 'பாவு இல்லடா, வாடா'ன்னு கத்திகினு இருந்தாங்க. திரும்பனவன் நின்னான். பந்து காலுக்கு அடியில. குனிஞ்சு கோட்டப் பாத்தான். நெசமாவே பாவு இருக்குதா இல்லியான்னு பாக்கற மாதிரி பாத்தான் தம்பி. அப்புறம் ஓட்டம். என் நாற்காலிய ஒரசிகினு போனான். வேர்வை என் மேல தெறிச்சுது. இதோ பாருங்க, இந்த எடத்துல." அவர் வேட்டியைக் காட்டினார். அதில் ஒன்றும் தெரியவில்லை. "கடைசி வரைக்கும் போனான். கொடிக்கம்பு வரைக்கும். அங்கேர்ந்து தரையோட உள்ள தள்ளனான். தலையால யாரும் முட்டல. காலால தட்டி விட்டாங்க. அவ்வளவுதான்."

"அப்புறம் எப்படித் தோத்தோம்?"

இதற்கு நயினார் சிரித்துவிட்டார். பாவுக்காரம்மாவே சொன்னார்: "ருசி கண்டுட்டானுங்கபா. இத்தினி வருஷம் போகாத பக்கமாச்சே. அவன் திரும்ப ஓட, கூட இன்னொருத்தன் ஓட, நடுவுல நிக்க வேண்டியவனும் ஓட, எல்லாம் வலது பக்கமே போயிட்டானுங்க. இடது பக்கம் ஈ காக்கா இல்ல. போளூர்க்காரன் ஒரே ஒரு ஒதைதான் ஒதைச்சான்."

"நம்ம பசங்களுக்குக் கல்யாணத்துல புதுச் சட்ட போட்ட மாதிரி ஆயிடுச்சு" என்றார் வண்டிக்காரர். "அத்தினி பேரும் ஒரே பக்கம் நின்னு போட்டோ எடுத்துக்கினானுங்க."

சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது. அடுத்த வருஷம் மதில் காலியாக இருக்கும் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கவேண்டும்.

மெக்கானிக்தான் ஆரம்பித்தார். ஒரே வருஷத்தில் திரும்ப மேலே வந்துவிடலாம், கீழ் டிவிஷனில் இருக்கிற டீமெல்லாம் என்ன பெரிய டீமா என்றார். அப்படியே வளர்ந்து மாநில ஆட்டம் வரைக்கும் போய்விட்டார். சென்னையில் ஸ்டேடியம், ராத்திரி விளக்கு, டிவி. "மொதல்ல மேக்கால கோலு கம்பத்த நட்டு நிக்க வைய்யா" என்றார் வண்டிக்காரர்.

பாவுக்காரம்மா அதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. கையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பாவ எடம் மாத்தணும்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"வடக்கு ஓரத்துல போடலாம். பசங்களுக்கு வலது பக்கம் காலு பழகட்டும்."

"வடக்கால நெழலே இல்லியே யக்கா. பட்டு முறுகிடும்" என்றார் ஒரு நெசவாளர்.

"வெயிலு ஏறதுக்குள்ள முடிச்சுட்டா?"

"அப்ப இன்னும் பத்து வருஷத்துல எவனுக்கும் இடது பக்கம் வராது" என்றார் வண்டிக்காரர். இதற்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நயினார் யோசித்துவிட்டு, "வாரம் மாத்தி வாரம் போட்டா?" என்றார். ஒரு வாரம் தெற்கு, ஒரு வாரம் வடக்கு. வடக்கு வாரத்தில் மட்டும் இன்னும் முன்னாலேயே தொடங்கவேண்டும், வேகமாக முடிக்கவேண்டும். இரண்டு ஓரத்திலும் பாவை இழுத்துக் கட்ட முளைக்கம்பு நடவேண்டும். வாரா வாரம் எல்லாவற்றையும் தூக்கி மாற்றவேண்டும்.

"யாரு தூக்கறது? இருக்கற ஆளுக்கே இடுப்பு ஒடியுது. எனக்கு இன்னொரு ஜோடிக் கை வேணும்" என்றார் பாவுக்காரம்மா.

வண்டிக்காரர் பல்லைக் குத்திக்கொண்டே, "இங்க ஒரு ஜோடிக் கை வேலூருக்குப் போய்கினு இருந்துச்சே, ஏறிடுச்சா லாரி?" என்றார்.

யாரும் என்னைக் கெஞ்சவில்லை. பாவுக்காரம்மா பையை மட்டும் என் தோளிலிருந்து எடுத்து வண்டிக்குள் போட்டார். "போர்வ இருக்குது. ராத்திரிக்கு வண்டியிலயே படு. விடிகாலையில வந்து சேரு." நான் ஏறினேன். ஆரணி வரும் வரைக்கும் நயினாரை மறுபடியும் சொல்லச் சொன்னேன். அவன் குனிந்து கோட்டைப் பார்த்த இடத்தை மட்டும். அவர் சலிக்காமல் சொன்னார். எத்தனை தடவை கேட்டும், அது நான் பார்த்ததாக ஆகவில்லை. ரயில்வே கேட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்த அந்த இடத்திலேயே என் மனம் போய்ப் போய் நின்றது.

மறுநாள் விடியும்போது கடப்பாரையோடு மைதானத்தின் வடக்கு ஓரத்தில் நின்றேன். மண் கெட்டி. இரண்டு முனையிலும் குழி தோண்டி முளை இறக்கினோம். பாவைக் கொண்டுவந்து விரித்தார்கள். மாம்பழ நிறப் பட்டு. இருட்டு பிரியாத நேரத்தில் அது மட்டும் தனியாகத் தெரிந்தது. இழுத்துக் கட்டியபோது என் முனையில் முளை ஆடியது. புதுக் குழி, மண் இறுகவில்லை.

"கயித்த நீயே புடிச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் தளத்தாத" என்றார் பாவுக்காரம்மா. அன்று காலை நான்தான் முளை. கயிற்றை இடுப்பில் சுற்றி, காலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து நின்றேன். மூட்டையைவிட இது கஷ்டம். மூட்டை கனக்கும், அவ்வளவுதான். பட்டு எந்த நேரமும் கையிலிருந்து நழுவப் பார்க்கும். அவர்கள் கஞ்சி தெளித்துத் தடவிக்கொண்டே என்னை நோக்கி வந்தார்கள்.

அப்போது எனக்குப் பின்னால் பந்து தரையில் தட்டும் சத்தம் கேட்டது. பாவுக்காரம்மா நிமிர்ந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். தறிக்குப் போகும் முன் மகன் வந்திருக்கிறான் என்று அவர் முகத்தில் தெரிந்தது. அவன் ஓடத் தொடங்கினான். தெற்கு ஓரம், புங்கமரங்களின் பக்கம். காலடிச் சத்தம் சருகில் விழுந்து நொறுங்கிக்கொண்டு போனது.

திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. திரும்பினால் கயிறு தளரும்.

"யக்கா, உள்ள திரும்பறானா?" என்றேன்.

"நீ உன் வேலயப் பாரு. இழுத்துப் புடி" என்றார். அவர் கண் அங்கேயே இருந்தது. கை மட்டும் இழையில் ஓடியது.

நான் இழுத்துப் பிடித்தேன்.